முகப்பிலிருந்தே தெரியும் பின்வாசல்

செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்று உள்ளே பார்ப்பது எனக்கு அலுக்காத சுகம். நிலைக்கதவைத் தாண்டி வளவு, வளவைத் தாண்டி இரண்டாங்கட்டு, அதற்கும் அப்பால் அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசலின் வெளிச்சம். பார்வை எங்கும் முட்டாமல் அதுவரை போய்விடும். இரு புறமும் எத்தனையோ அறைகள். ஒவ்வொன்றாக நுழைந்து பார்க்கலாம். எதற்குள் போனாலும், வெளியே வந்ததும் அந்த வெளிச்சம் கண்ணில் படும். அதனால் வழி தவறுவதில்லை.

நல்ல மேடைப்பேச்சும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கும். இதைப் புரிந்துகொள்ளக் காரைக்குடியைவிட நல்ல ஊர் கிடையாது. சா. கணேசன் 1939இல் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். முதல் விழாவுக்குத் தலைமை ஏற்றவர் ரசிகமணி டி.கே.சி. பங்குனி மாதத்தில் மகம், பூரம், உத்திரம் ஆகிய மூன்று நாளும் காரைக்குடியில் விழா. நான்காம் நாளான அத்தத்தன்று, கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் நிறைவு. தம்மைக் ‘கம்பன் அடிப்பொடி’ என்று சொல்லிக்கொண்ட கணேசன், அடக்கத்துக்கு எவ்வளவு பேர்போனவரோ, நேரக் கண்டிப்புக்கும் அவ்வளவு பேர்போனவர். குறித்த நேரத்தில் தொடங்கும், குறித்த நேரத்தில் முடியும். பேசுபவர் எவ்வளவு பெரியவர் என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கண்டிப்பை விழா ஒழுங்கு என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தவர்களாவோம். அது பேச்சுக் கலைக்கே ஒரு பயிற்சி. நேரம் அளவில்லாமல் கிடைத்தால் தெரிந்ததையெல்லாம் சொல்லலாம். நேரம் அளந்து கிடைத்தால், தெரிந்தவற்றில் எதைச் சொல்லவே நாம் இந்த மேடைக்கு வந்தோம் என்று முந்தின இரவே முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுதான் பேச்சின் நடுத்தூண்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வாலி வதையைப் பற்றிப் பேச வேண்டும். ‘வாலி வதை’ என்பது தலைப்பு. அதில் கருத்து எதுவும் இன்னும் பிறக்கவில்லை. தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறுபவர் கிஷ்கிந்தையைச் சுற்றிவிட்டு, சுக்கிரீவனின் அச்சத்தைச் சொல்லி, தாரையின் அழுகையைச் சொல்லி, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நன்றி கூறி அமர்வார். சொன்னதெல்லாம் சரியாக இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போக மட்டும் ஒன்றும் இருக்காது.

இன்னொருவர் எழுந்து, ‘இராமனின் அம்பு வாலியின் உடலைச் சாய்த்தது, உள்ளத்தை நிமிர்த்தியது’ என்று ஒரு வாக்கியத்தை முதலில் வைக்கிறார். பின்வாசல் தெரிந்துவிட்டது. இனி அவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் நாம் கலங்க மாட்டோம். மார்பில் தைத்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் பொறித்த பெயரைப் படிக்கும் வாலியைக் காட்டுகிறார். மறைந்து நின்று எய்தது என்ன அறம் என்று அவன் கேட்ட கேள்விகளை அடுக்குகிறார். அந்தச் சினம் மெல்லத் தணிவதைக் காட்டுகிறார். கடைசியில், சாகும் தறுவாயில் அவன் இராமனிடம் வைக்கும் வேண்டுகோளுக்கு வருகிறார். என் தம்பி மது மயக்கத்தில் தவறு செய்தாலும் என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விட்டுவிடாதே. அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பிமார் அவனை இகழ்ந்தால் தடுத்துவிடு. தன் சாவுக்குக் காரணமான தம்பிக்காக, தன்னைக் கொன்றவனிடம் கேட்கிறான். முதல் வாக்கியம் அந்த இடத்தில் நிரூபணமாகிறது. அவையில் ஒரு பெருமூச்சு எழும். ரசிகனுக்கு அதுதான் விருந்து.

இதில் நான் வியப்பது, அவர் சொல்லாமல் விட்டதை. தாரையின் புலம்பல் அவருக்குத் தெரியாததல்ல. அந்த நேர்கோட்டில் அது வராது என்று விட்டுவிட்டார். தெரிந்ததை விடும் மனத்திடம்தான் இந்தக் கலையில் கடைசியாகக் கைவருவது.

இதற்கெல்லாம் ஆசான் கம்பனேதான். இலங்கையிலிருந்து திரும்பும் அனுமனை அவன் எப்படி நிறுத்துகிறான் என்று பாருங்கள். காத்திருக்கும் இராமனின் காலில் அனுமன் விழவில்லை. சீதை இருக்கும் திசை நோக்கித் தலை வைத்துத் தரையில் வணங்குகிறான். அந்த ஒரு செய்கையிலேயே அவள் உயிரோடும் கற்போடும் இருக்கிறாள் என்பது இராமனுக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு வாய் திறக்கும்போது, பார்த்துவிட்டேன் என்று பொருள்படும் வினைச்சொல்லே முதலில் வருகிறது. அசோகவனத்தில் அவள் இருந்த நிலையும் மற்ற விவரங்களும் எல்லாம் அப்புறம். சொல்லின் செல்வன் என்று அவனைச் சொல்வது அதிகம் பேசியதற்காக இல்லை. எதை முதலில் சொல்ல வேண்டும் என்று அறிந்ததற்காக.

பட்டிமன்றத்தில் இந்தக் கலையின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். ‘பட்டிமண்டபம்’ என்ற சொல் மணிமேகலைக் காலத்திலிருந்தே நம்மோடு இருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்துக் குன்றக்குடியின் அடிகளார் நடுவராகத் தமிழகம் முழுக்க அறியப்பட்டவர். நடுவரின் வேலை நுட்பமானது. இரு அணியும் மணிக்கணக்கில் பேசியதை, அணிக்கு ஒரு வாக்கியமாக வடித்து அவைமுன் வைக்க வேண்டும். பேச்சாளர் தாமே வடித்துக் கொடுத்திருந்தால் நடுவர் அதை அப்படியே ஏந்திக்கொள்வார். கொடுக்காதவர் எவ்வளவு முழங்கியிருந்தாலும் தீர்ப்பில் அவர் குரல் கேட்காது.

ஆனால் எனக்குத் தெரிந்த கடைசித் தீர்ப்பு மேடையில் சொல்லப்படுவதில்லை. விழா முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, முழங்கால் வலியால் வர முடியாமல் போன ஆச்சி வளவில் உட்கார்ந்து கேட்பார்கள்: “இன்னைக்கு என்ன பேசுனாக?”

சில இரவுகளில், “நல்லாப் பேசுனாக ஆச்சி” என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வராது. சில இரவுகளில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடலாம்: “அம்பு வாலி உடம்பைத்தான் சாச்சுச்சாம் ஆச்சி. மனசை நிமித்திடுச்சாம்.” ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். மறுநாள் காலை, முகப்பில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே வாக்கியத்தைத் தம் சொந்தக் கருத்துப்போல அவர்கள் சொல்வது உள்கட்டு வரை கேட்கும்.