காதலும் காணியும்: ‘நிலக்கிளி’ பற்றிய ஒரு நோக்கு

வன்னிப் பிரதேச வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஈழத்து நாவல்களுள் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ முக்கியமானது. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த இந்நாவலை மண்வாசனைப் படைப்பு எனப் பாராட்டுவது வழக்கம். அப்பாராட்டு நாவலின் சமூக உள்ளடக்கத்தை மறைத்துவிடலாகாது என்பதே எமது கருத்தாகும்.

கதை நிகழ்களம் காடும் குளமும் சூழ்ந்த தண்ணிமுறிப்பு. வசதிபடைத்த கமக்காரர் கோணாமலையர். அவர் மகன் கதிராமன் ஏழைப் பெண்ணான பதஞ்சலியை விரும்புகிறான். தந்தையின் எதிர்ப்பைத் தனிமனிதக் கோபமாக மட்டும் கொள்ளவியலாது. உடைமை உடைமையின்மையோடு உறவு கொள்ள மறுப்பதன் வெளிப்பாடு அது. உடையார்கட்டு முதலிய குளத்தை நம்பிய ஊர்களில் கலியாணப் பேச்சோடு காணிப் பேச்சும் எழுவதை அறிந்தோர்க்கு இது புதிதன்று. வீட்டை விட்டு வெளியேறிய கதிராமன் காடு வெட்டிப் புதுக்காணி ஆக்குகிறான். காதல் இங்கு உழைப்பாகப் பரிணமிக்கிறது. நாவலின் உயர்ந்த பகுதி இதுவே. ஆசிரியர் சுந்தரலிங்கத்தின் வருகைக்குப் பின்னரோ காணிப் பிரச்சினை பின்தள்ளப்பட்டு, தனிமனித ஒழுக்கப் பிரச்சினை முன்னிற்கிறது. இதனை நாவலின் பலவீனம் எனக் கருதுகிறோம்.

இவ்விடத்து ஓர் ஒப்புநோக்குப் பயன்தரும். ஆர்மின் வீப் 1984இல் வெளியிட்ட ‘யாஷ் சீமென்சின் மீட்பு’ என்னும் நாவல், கனடாவின் மனிற்றோபா மாகாணத்து மெனொனைற் கிறித்தவ விவசாயிகளைப் பற்றியது. காணியற்ற கூலியாளான யாஷ், அழகியொருத்தியை நாடிப் பின் பண்ணைக்குரிய ஓற்றாவை மணக்கிறான். ஜேர்மானியப் பேச்சுமொழி கலந்த ஆங்கிலத்தில் அனைத்தும் நகைச்சுவையாகக் கூறப்படுகின்றன. அங்கும் காதலைத் தீர்மானிப்பது காணியே. எனினும் அங்கு சிரிக்க முடிகிறது. ‘நிலக்கிளி’யிலோ சிரிப்பு மேலோங்குவதில்லை. ஏன்?

1874 முதல் மனிற்றோபாவில் குடியேறிய மெனொனைற் மக்களுக்கு அரசு நிலம் ஒதுக்கிற்று. அது ஆதிக்குடிகள் இழந்த நிலம் என்பதையும் நாம் மறத்தலாகாது. நிலத்தில் உறுதியாகக் காலூன்றிய சமூகம் தன் குறைகளைத் தானே எள்ளி நகையாட இயலும். வன்னி விவசாயிக்கோ காணி என்றும் நிச்சயமற்றது. 1984இன் இறுதியில் தண்ணிமுறிப்புப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. 2009இல் உடையார்கட்டும் போரினால் வெறுமையாயிற்று.

எனவே, வன்னியில் நகைச்சுவைக் காதல் நாவல் தோன்றாமையை எழுத்தாளரின் திறமைக் குறையாகக் கொள்ளலாகாது. சிரிப்புக்கும் ஒரு பொருளியல் அடித்தளம் உண்டு. காணி நிலைபெறும் நாளில் அந்நாவலும் எழுதப்படும்.