ட்ராக்கில் ஓட்ட டிஸ்க் வாங்குகிறீர்களா? ஓட்டையைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்

சொந்தக் காரை இருங்காட்டுக்கோட்டைக்கு எடுத்துப் போய் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்று நிறையப் பேர். 1990 முதல் இயங்கிவரும் அந்த 3.7 கி.மீ. ட்ராக்கில், சாலைக்கென்று செய்யப்பட்ட ஹேட்ச்பேக்கில் முதலில் சோர்ந்து போவது எஞ்சின் அல்ல, பிரேக். முதல் சில சுற்றுகளில் சிக்கெனப் பிடித்த பிரேக், பிறகு அதே இடத்தில் அதே அழுத்தத்தில் மிதித்தாலும் பிடிக்காது. இதுதான் பிரேக் ஃபேட். இதற்கு மருந்து கேட்டால் பல கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுவது ஓட்டை போட்ட பளபளப்பான டிஸ்க்கைத்தான். அது உண்மையிலேயே உதவுகிறதா என்று அறிய, முன் சக்கரத்தில் மட்டும் டிஸ்க் உள்ள ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி ஒன்றில் மூன்று வகை டிஸ்க்குகளை மாற்றி மாற்றி மாட்டி ஓட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ரகத்தில் புதிய பேட், ஒரே பிரேக் ஆயில்.

வெப்பத்தின் கணக்கு

ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 150 கி.மீ. வேகத்திலிருந்து 60 கி.மீ.க்கு இறங்கும்போது ஏறத்தாழ 875 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அதில் முக்கால் பங்கை முன் பிரேக்குகள் சுமப்பதாகவும், ஒரு டிஸ்க்கின் எடை 6 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே மிதியில் அது 120 டிகிரி அளவுக்குச் சூடேறும். அடுத்த வளைவு வருவதற்குள் காற்று அதில் ஒரு பகுதியைத்தான் கொண்டுபோகும். மீதிச் சூட்டின் மேல் அடுத்த மிதி விழுகிறது. டிஸ்க் 8 கிலோ என்றால் அதே மிதிக்கு 90 டிகிரிதான் ஏறும். மெல்லிய வாணலி சட்டென்று காயும், கனத்த தோசைக்கல் நிதானமாகத்தான் காயும். ட்ராக்கில் நமக்கு வேண்டியது தோசைக்கல்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

டிஸ்க் வாங்கும் முன் உங்கள் பெடல் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். பெடல் வழக்கம்போல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பேட்டைக் கட்டிவைத்திருக்கும் பிசின் சிதைந்து வாயுவாகி, உராய்வு குறைந்துவிடுகிறது. பெடல் தொளதொளவென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயிலில் உண்டான ஆவிக் குமிழிகள் அமுங்குகின்றன, காலிப்பருக்கு அழுத்தம் போய்ச் சேருவதில்லை.

டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 5.1 ஆயிலுக்கு இதே எண்கள் 260, 180. பழைய ஆயிலோடு ட்ராக்குக்குப் போகிறவருக்கு எந்த டிஸ்க்கும் கைகொடுக்காது. ஆகவே முதல் செலவு புது ஆயில், இரண்டாவது ட்ராக் பேட், மூன்றாவதுதான் டிஸ்க்.

மூன்று டிஸ்க்குகள்

டிஸ்க்கின் ஓரத்தில் வெப்பம் காட்டும் பெயின்ட்டைப் பட்டைகளாகத் தீட்டியிருந்தேன். அவை முறையே 430, 560, 610 டிகிரியில் நிறம் மாறும்.

ஓட்டை போட்டது: பழங்காலப் பேட்கள் சூட்டில் கக்கிய வாயு வெளியேறத்தான் இந்த ஓட்டைகள் வந்தன. இன்றைய நல்ல பேட்களில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஈரச் சாலையில் முதல் பிடி நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓட்டை போடும்போது போவது இரும்பு, அதாவது வெப்பத்தைத் தாங்கும் எடை. இரண்டாவது பட்டையும் நிறம் மாறியது. கழற்றிப் பார்த்தபோது ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள். தகைவு குவியும் இடம் அதுதான் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. ட்ராக்குக்கு இது வேண்டாம்.

கோடு வெட்டியது: கோட்டின் விளிம்பு பேட்டின் மேற்பரப்பைச் சுரண்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. சுற்றுக்குச் சுற்று பிடி சீராக இருந்தது. விலையாக, பேட் சீக்கிரம் தேய்கிறது, பிடிக்கும்போது ஒரு முரல் சத்தமும் வருகிறது. அடிக்கடி ட்ராக்குக்குப் போகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

சாதாரண ஹை கார்பன் டிஸ்க்: முகம் வழுவழுவென்று, எந்த அலங்காரமும் இல்லை. முதல் பட்டை மட்டுமே நிறம் மாறியது. பெடல் கடைசி வரை நம்பும்படி இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

அலுமினிய நடுப்பகுதியும் இரும்பு வளையமும் தனித்தனியாக உள்ள இரண்டு துண்டு டிஸ்க்கும் கிடைக்கிறது. வளையம் சூட்டில் தடையின்றி விரிவடையும், தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கனமான, வேகமான கார்களுக்கு அந்த விலை தகும். சிறிய ஹேட்ச்பேக்குக்கு அந்தப் பணத்தை பேட்டிலும் டயரிலும் போடுவது நல்லது.

மாட்டும்போதும் ஓட்டும்போதும்

டிஸ்க்கின் இரு முகங்களுக்கும் நடுவே உள்ள காற்றுத் தடுப்புகள் வளைந்திருந்தால் இடது வேறு, வலது வேறு. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது அவை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நடுவிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும். முகத்திலுள்ள கோட்டைப் பார்த்துப் பக்கத்தை முடிவு செய்யாதீர்கள்.

ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் பேட் துகள் திட்டுத்திட்டாக ஒட்டியதே காரணம். புது டிஸ்க்கையும் பேட்டையும் படிப்படியாகச் சூடேற்றிப் பழக்குங்கள். வேகமான ஓட்டம் முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக வந்து ஆறவிடுங்கள். பிட்டில் நிறுத்திய பிறகு பெடலை மிதித்தபடி இருக்காதீர்கள்.

ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, விரிசல் விளிம்பை எட்டியிருந்தாலோ அந்த டிஸ்க்கை மறுபடி ட்ராக்கில் ஏற்றக் கூடாது. விலை உயர்ந்த டிஸ்க் வாங்கியவருக்கு இன்னும் ஒரு நாள் ஓட்டலாமே என்று மனம் போகும். சாதாரண டிஸ்க்கை உரிய நேரத்தில் தூக்கிப் போட யாருக்கும் மனம் வலிக்காது. அதை நான் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.