ஒரே நாளில் மூன்று புனிதங்கள்

ஜெருசலேம் போய்வந்தவர்களின் பயணக் கட்டுரைகளில் அநேகமாகத் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: மூன்று மதங்களின் புனிதத் தலங்களை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிட்டோம். பொய்யில்லை. மதில் சூழ்ந்த பழைய நகரம் முழுவதுமே ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். யூதர்களின் மேற்குச் சுவர், முஸ்லிம்களின் அல்-அக்ஸா வளாகம், கிறிஸ்தவர்களின் திருக்கல்லறைத் தேவாலயம் மூன்றுக்கும் இடையிலான தூரம், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலிலிருந்து சாந்தோம் தேவாலயத்துக்கு நடக்கும் தூரத்தைவிட அதிகமில்லை.

இந்த வாக்கியத்துக்குப் பிறகு கட்டுரை இரண்டில் ஒரு திசையில் போகும். மத நல்லிணக்கம் என்று நெகிழும். அல்லது மத மோதல் என்று பெருமூச்சு விடும். இரண்டிலும் நடந்தவருக்கு உடம்பு இருப்பதில்லை. பெண்களே எழுதினாலும், 'தோளையும் முழங்காலையும் மூடும் உடை அவசியம்' என்ற ஒரு வரி கடைசியில் குறிப்பாக வரும், அவ்வளவுதான். அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு நாளைத் திரும்பப் படிக்க முயல்கிறேன்.

2019 மார்ச் மாதக் கடைசி. ஒரு வியாழக்கிழமை. சபரிமலைத் தீர்ப்பு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எந்த வாசலில் யார் நிற்கலாம் என்ற கேள்வியை ஊரிலிருந்தே சுமந்துகொண்டு போயிருந்தேன்.

காலையில் டமாஸ்கஸ் வாசல் வழியாக நுழைந்தேன். மார்பில் பூத்தையல் போட்ட நீண்ட அங்கி அணிந்த பாலஸ்தீனக் கிராமத்துப் பெண்கள் தரையில் துணி விரித்துப் புதினாவும், தேநீரில் போடும் மரமிய்யா இலையும், பச்சை பாதாமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூதாட்டியிடம் பாதாம் வாங்கினேன். இவர்கள் எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் இல்லை. இவர்களைத் தாண்டித்தான் எல்லாத் தலங்களுக்கும் போக வேண்டும்.

மேற்குச் சுவரின் முற்றத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே நிற்கத் தடுப்பு இருக்கிறது. பெண்கள் பகுதி மிகச் சிறியது. அதனால் நெரிசல் அதிகம். திங்களும் வியாழனும் பதின்மூன்று வயது நிறைந்த பையன்களுக்கு பார் மிட்ஸ்வா சடங்கு நடக்கும் நாள்கள். சடங்கு ஆண்கள் பகுதியில். பெற்ற தாயும் பாட்டியும் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, ஏறி நின்று, தடுப்புக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள். மகன் வாசித்து முடித்ததும் அங்கிருந்தபடியே மிட்டாய்களை வீசுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் சிரித்தபடி படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். பிறகு அந்தப் படத்தைப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது ஒரு பாட்டியின் கால். நாற்காலி ஆடாமலிருக்க இன்னொரு பெண் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பிரிவினை ஆதிகாலத்து மரபு என்றே பலரும் நினைக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த புகைப்படங்களில் ஆண்களும் பெண்களும் அதே சுவரருகே கலந்து நிற்பதைக் காணலாம். 1948 முதல் 1967 வரை ஜோர்டானின் ஆட்சியில் யூதர்கள் அந்தச் சுவரை நெருங்கவே முடியவில்லை. நிரந்தரத் தடுப்பு 1967க்குப் பிறகு வந்தது. ஐம்பது ஆண்டுப் பழக்கத்துக்கு ஆயிரம் ஆண்டு வயது சொல்வது நமக்கும் பழகிய வித்தைதான்.

1988இல் சில பத்து யூதப் பெண்கள் தோரா சுருளை ஏந்திவந்து சுவரருகே கூட்டாக வழிபட்டார்கள். வசவும் தள்ளுமுள்ளும் கிடைத்தன. 'சுவரின் பெண்கள்' என்ற இயக்கம் அப்படித் தொடங்கியது. அவர்களின் வழிபாட்டு முறை 'இடத்தின் வழக்கத்தை' மீறவில்லை என்று 2013இல் ஜெருசலேம் மாவட்ட நீதிமன்றம் சொன்னது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து வழிபடத் தனிப் பகுதியை முறைப்படுத்த 2016இல் அரசு ஒப்புக்கொண்டது. 2017இல் அதை நிறுத்திவைத்தது. நான் போவதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 8 அன்று, அந்த இயக்கம் தன் முப்பதாவது ஆண்டைக் கொண்டாட வந்தபோது ஆயிரக்கணக்கான தீவிர மரபுவாதிகள் கூடி அவர்களை நெருக்கித் தள்ளினார்கள். அவர்களில் இளம்பெண்களும் இருந்தார்கள். பெண்களைத் தடுக்கப் பெண்களையே அனுப்பும் உத்தியை விளக்க வேறு நாட்டு உதாரணம் நமக்குத் தேவையில்லை.

இதுவரை கதை நேராகத்தான் போகிறது: மதம், ஆணாதிக்கம், எதிர்த்து நிற்கும் பெண்கள். பெண்ணியப் பயணக் கட்டுரை வழக்கமாக இங்கே முடிந்துவிடும். ஆனால் காலுக்குக் கீழே இருந்த முற்றத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1967 ஜூன் வரை அது முற்றமில்லை. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த குடியிருப்பு. போர் முடிந்த கையோடு நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை இரவோடிரவாக இடித்தார்கள். இடிபாட்டில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். பெண்கள் பகுதி சிறியது என்று நான் கோபப்பட்டுக்கொண்டிருந்த இடம், யாரோ சில பெண்களின் அடுப்படியாக இருந்த இடம். இரண்டு கணக்கையும் ஒரே குறிப்பேட்டில் எழுத வேண்டியிருந்தது.

அந்தக் குடியிருப்பின் பெயரில் இன்று எஞ்சியிருப்பது முக்ராபி வாசல். முஸ்லிம் அல்லாதவர்கள் அல்-அக்ஸா வளாகத்துக்குள் நுழைய இந்த ஒரு வாசல்தான். அதற்கு ஏறிச்செல்லும் மரப்பாலம் மேற்குச் சுவரின் பெண்கள் பகுதியை ஒட்டியே போகிறது. வரிசையில் நிற்கும் பயணிகள் பலகை இடுக்குகள் வழியே கீழே வழிபடும் பெண்களைப் பார்க்கலாம். ஆண்கள் பகுதியை இப்படி மேலிருந்து பார்க்க முடியாது.

மேலே, வளாகம் வேறோர் உலகம். ஒலிவ மரங்கள், விரிந்த கல்தளம், நடுவில் ஏழாம் நூற்றாண்டின் பாறைக் குவிமாடம். வாசலருகே ஒரு காவலர் என் துப்பட்டாவைச் சுட்டி இன்னும் கீழே இழுத்துவிடச் சைகை காட்டினார். சுவரருகே தோளை மூடப் போதுமாயிருந்த அதே துணி இங்கே போதவில்லை. 2000 முதல் முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டடங்களுக்குள் நுழைய முடியாது. எனவே பயணிகளுக்கு அந்தக் குவிமாடம் ஒரு படம் மட்டுமே. வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது ஆண்கள் தெற்கேயுள்ள மசூதியில் நிற்க, பாறைக் குவிமாடம் பெண்களின் தொழுகை இடமாகிறது. உலகம் முழுக்க நாள்காட்டிகளில் தொங்கும் அந்தத் தங்கக் குவிமாடத்தின் அடியில் வாராவாரம் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள் என்று நான் புரட்டிய எந்தக் கையேடும் சொல்லவில்லை. முஸ்லிம் பெண் என்றால் வெளியே நிறுத்தப்பட்டவள் என்ற முன்முடிவுக்கு அந்தச் செய்தி ஒத்துவராது.

இவ்வளாகத்திலும் ஒரு பெண்கள் இயக்கம் உண்டு: முராபிதாத். மரத்தடிகளில் வட்டமாக உட்கார்ந்து குர்ஆன் படிப்பார்கள். யூதக் குழுக்கள் காவலர்களோடு உள்ளே வரும்போது தக்பீர் முழங்குவார்கள். தங்கள் இடத்தைக் காப்பதாக அவர்கள் சொன்னார்கள். வருவோரைத் துன்புறுத்துவதாக இஸ்ரேல் சொன்னது. 2015 செப்டம்பரில் அந்த அமைப்பு சட்டவிரோதமென அறிவிக்கப்பட்டது.

பாலத்துக்குக் கீழே சுவரின் பெண்கள், மேலே முராபிதாத். இரண்டு குழுவும் சொல்வது ஒன்றுதான்: நாங்கள் இங்கேயே உட்கார்ந்து சத்தமாக வழிபடுவோம். இரண்டும் சகோதரிகள் என்று எழுதிவிடலாம். எழுத அழகாகவும் இருக்கும். ஆனால் ஒரு குழுவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தாலும் அவர்கள் அந்த அரசின் குடிமக்கள், மேல்முறையீடு செய்யலாம். இன்னொரு குழுவின் மீது அதே அரசு ஆக்கிரமிப்பு அரசாக நிற்கிறது. அவர்கள் ஒருவரையொருவர் ஏற்கவும் மாட்டார்கள். பெண் என்ற ஒரு சொல்லால் இவர்களைக் கட்டிப்போடுவது இருவருக்கும் அநீதி.

வளாகத்தின் வடக்கே வெளியேறினால் சிலுவைப் பாதை தொடங்குகிறது. பதினான்கு நிலைகள். நான்காவதில் இயேசு தாயைச் சந்திக்கிறார். ஆறாவதில் வெரோனிக்கா அவர் முகத்தைத் துடைக்கிறாள். எட்டாவதில் ஜெருசலேமின் பெண்கள் அழுகிறார்கள். வெரோனிக்கா நான்கு நற்செய்திகளிலும் இல்லை. மக்கள் அவளை வைத்துக்கொண்டார்கள். முகம் துடைக்க ஒருத்தி வந்திருப்பாள் என்று நம்ப அவர்களுக்குச் சான்று தேவைப்படவில்லை.

பாதை முடியும் திருக்கல்லறைத் தேவாலயத்தை ஆறு சபைகள் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. எந்த விளக்கை யார் ஏற்றுவது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதுவரை ஒட்டோமான் காலத்து ஏற்பாடு. கதவின் பொறுப்பு இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம், தந்தையிடமிருந்து மகனுக்கு. பயணக் கட்டுரைகள் இதை நல்லிணக்கத்தின் அடையாளமாகக் கொண்டாடும். பங்குபோட்டவர்கள், சாவி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பது கொண்டாட்டத்தில் காதில் விழாது. இத்தனைக்கும், நற்செய்தியின்படி அந்தக் கல்லறை காலியாக இருந்ததை முதலில் கண்டவர்கள் பெண்கள். அவர்கள் போய்ச் சொன்னபோது சீடர்கள் அதை வெறும் பிதற்றலாக எடுத்துக்கொண்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். முதல் சாட்சியான மகதலேனா மரியாளை 591இல் திருத்தந்தை கிரகோரி ஒரு மறையுரையில் பாவியான பெண்ணோடு சேர்த்துப் பேசினார். மேற்குலகில் அந்தப் பெயரே நிலைத்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் இருவரையும் பிரித்தது. 2016இல் அவர் நினைவுநாளைத் திருத்தூதர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தியது. ஒரு பெண்ணின் பெயரைச் சரிசெய்ய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நுழைந்ததும் தரையில் இருக்கும் பூசுகல்லைச் சுற்றி மண்டியிட்டிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நறுமணத் தைலத்தை ஊற்றி, துணியால் துடைத்து, அந்தத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருக்கும். பக்கத்திலிருந்த ஒருத்தி, கேட்காமலே, என் துப்பட்டாவின் நுனியை எடுத்துத் தைலத்தில் ஒற்றிக் கொடுத்தாள். நான் நம்பிக்கையாளர் இல்லை. ஆனாலும் அதை உடனே துவைக்க மனம் வரவில்லை.

இந்த நகரத்தைப் பற்றி எழுதியவர்களில் நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த எஜேரியா, ஊரிலிருந்த தன் சகோதரிகளுக்கு எழுதிய நீண்ட மடல்தான் ஜெருசலேமின் அக்கால வழிபாட்டைப் பற்றி நமக்கிருக்கும் மிக விரிவான பதிவு. அதன் பிரதி 1884இல்தான் கிடைத்தது. முன்பகுதியும் பின்பகுதியும் போய்விட்டன. சிலுவை மரத்தை முத்தமிட வரும் கூட்டத்தில் முன்பு ஒருவர் கடித்து எடுத்துப் போய்விட்டதால் இப்போது காவல் போட்டிருக்கிறார்கள் என்றுகூட எழுதியிருக்கிறார். புனிதத்தையும் காவலையும் சேர்த்தே பார்த்த கண் அது.

1414இல் வந்த இங்கிலாந்துப் பெண் மார்ஜெரி கெம்ப் பதினான்கு பிள்ளைகளைப் பெற்றவர். புறப்படுமுன் தன் கடன்களை அடைத்துவிட்டுப் போகும்படி கணவர் கேட்டார். அதற்கு ஈடாகத் தன் உடல்மீது இனி அவருக்கு உரிமையில்லை என்று ஒப்பந்தம் பேசிக்கொண்டார் மார்ஜெரி. கல்வாரியில் அவர் கதறி அழுதார். அந்த அழுகையைச் சகிக்காத சக பயணிகள் வழியிலேயே அவரை ஒதுக்கிவைத்திருந்தார்கள். இதையெல்லாம் தானே சொல்லி எழுதவைத்த அவரது புத்தகமும் 1934 வரை காணாமலிருந்தது. இருவரின் எழுத்திலும் செலவு, களைப்பு, அனுமதி, துணை எல்லாம் இருக்கின்றன. நம் பயணக் கட்டுரைகளில் இவைதான் உதிர்ந்துவிடுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து அரசு மானியத்தோடு ஜெருசலேம் போய்வரும் பெண்களில் எத்தனை பேர் தங்கள் கணக்கை எழுதியிருக்கிறார்கள்? எழுதினால் அதை இலக்கியம் என்று யார் ஏற்பார்கள்?

மாலையில் டமாஸ்கஸ் வாசலுக்குத் திரும்பினேன். காலையில் பார்த்த மூதாட்டி துணியை மடித்துக்கொண்டிருந்தார். கடைக்கார இளைஞர் ஒருவர் மொழிபெயர்க்க, எந்த ஊர் என்று கேட்டேன். பெத்லகேம் பக்கம் ஒரு கிராமம், பத்து கிலோமீட்டர்தான். ஆனால் மேற்குக் கரையில் வாழ்பவர் ஜெருசலேமுக்குள் வர இஸ்ரேலின் அனுமதி தேவை; இடையில் சோதனைச் சாவடியும் பிரிப்புச் சுவரும் உண்டு. அவர் வயதுப் பெண்களுக்குக் கெடுபிடி குறைவு; மருமகளால் வர முடியாது என்றார். நான் ஐயாயிரம் கிலோமீட்டர் கடந்து, கடவுச்சீட்டைக் காட்டி, ஒரே நாளில் மூன்று புனிதங்களையும் பார்த்துவிட்டேன். எதுவும் என்னுடையதில்லை என்பதால் எல்லா வாசலும் எனக்கு ஓரளவு திறந்தது. துப்பட்டாவைச் சரிசெய்ததுதான் நான் கொடுத்த விலை.

அந்த விலையை மட்டும் எழுதினால் என் கட்டுரை உண்மையாகத்தான் இருக்கும், போதாததாகவும் இருக்கும். 'ஒரே நாளில் மூன்று' என்ற வாக்கியத்தை இனி எங்கே படித்தாலும், யாரால் முடிந்தது என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். மிச்சமிருந்த பச்சை பாதாமைக் காசு வாங்காமல் என் பையில் கொட்டிவிட்டு, கடைசிப் பேருந்து போய்விடும் என்று அந்த மூதாட்டி வேகமாக நடந்தார்.