வாங்காத பட்டம்

என் நண்பர் ஒருவர் ஒரு சிறு தர்மத்தின் டிரஸ்டிகளில் ஒருவர். அவருடைய பாட்டனார் ஏற்படுத்திவிட்டுப் போன தர்மம். தத்துவ சாஸ்திரத்தை எம்.ஏ.க்கு எடுத்துப் படிக்கும் ஏழைப் பையன் ஒருவனுக்கு வருஷா வருஷம் உபகாரச் சம்பளம் தருகிறார்கள். போன மாதம் என்னைத் தேடி வந்தபோது அவர் கையில் ஒரு பத்திரிகை இருந்தது.

"பாருங்கள் ஸார், நாங்கள் பணம் கொடுத்துப் படிக்க வைக்கிற பையன் செய்கிற காரியத்தை!" என்று நீட்டினார். சிறுகதை. அப்படியொன்றும் மோசமில்லை, முடிவில்தான் சற்று அவசரம் தெரிந்தது. "சங்கரரையும் கான்ட்டையும் படிக்கச் சொன்னால் கதை எழுதிக்கொண்டிருக்கிறான். பணத்தை நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு" என்றார். கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் வந்து இதைச் சொல்கிறோமே என்று அவருக்குத் தோன்றவில்லை.

நான் அலமாரியிலிருந்து ஒரு புஸ்தகத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். 1964-ல் வெளிவந்தது. எப். எச். பிராட்லி என்ற ஆங்கிலத் தத்துவாசிரியரின் கொள்கையில் அறிவு, அனுபவம் என்பவற்றைப் பற்றிய ஆராய்ச்சி. எழுதியவர் டி. எஸ். எலியட். கவிதைக்காக 1948-ல் நோபல் பரிசு பெற்ற அதே எலியட்தான். புஸ்தகம் அச்சானதற்கு நாற்பத்தெட்டு வருஷங்களுக்கு முன்பே அதை எழுதி முடித்துவிட்டார்.

எலியட் அமெரிக்காவில் ஹார்வார்டு சர்வகலாசாலையில் தத்துவ மாணவராக இருந்தார். சமஸ்கிருதம் படித்தார், பதஞ்சலியின் யோக சூத்திரங்களைப் பேராசிரியர் வுட்ஸிடம் பாடம் கேட்டார். 1914-ல் ஷெல்டன் உபகாரச் சம்பளம் என்ற பிரயாண உதவியைச் சர்வகலாசாலை அவருக்குக் கொடுத்தது. ஜெர்மனியில் மார்பர்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தார், யுத்தம் மூண்டது. இங்கிலாந்துக்கு வந்து, ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியில் ஒரு வருஷம் படித்தார். அதற்குள் லண்டனில் எஸ்ரா பவுண்டைச் சந்தித்தாகிவிட்டது. 1915 ஜூனில் 'ப்ரூப்ராக்' கவிதை சிகாகோ பத்திரிகை ஒன்றில் வந்தது. அதே மாதத்தில் கல்யாணமும் நடந்தது. பிறகு பள்ளிக்கூட வாத்தியார் வேலை.

அந்த அவதியிலும் ஆராய்ச்சியை முடித்து 1916-ல் தபாலில் அனுப்பிவைத்தார். ராய்ஸ் போன்ற பெரிய பேராசிரியர் அதை மெச்சினார். நேரில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் டாக்டர் பட்டம். யுத்த காலம், போகவேண்டிய கப்பல் கிளம்பவில்லை. அப்புறம் அவர் அதற்காகப் போகவே இல்லை. 1917-ல் ஒரு பாங்கியில் குமாஸ்தாவானார்.

ஹார்வார்டு கமிட்டியில் என் நண்பர் இருந்திருந்தால் இதை நஷ்டக் கணக்கில் எழுதியிருப்பார். அனுப்பினது தத்துவப் பேராசிரியர் ஆவதற்கு. ஆனது பாங்கிக் குமாஸ்தா.

இனி, புஸ்தகம் எப்படி? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: கரடுமுரடானது. தத்துவப் பரிபாஷை தெரியாதவர்கள் பத்துப் பக்கம் தாண்டுவது கஷ்டம். எலியட்டே முன்னுரையில், தமக்கு இப்போது இது புரிவதாகப் பாவனை செய்யமாட்டேன் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார்! ஆனால் ஒரு விஷயம் நாவலாசிரியனை நிறுத்திவைக்கிறது. ஒவ்வொரு மனிதனும் தன் அனுபவ வட்டத்துக்குள் அடைபட்டிருக்கிறான். இத்தனை வட்டங்களிலிருந்து எல்லோருக்கும் பொதுவான ஓர் உலகம் எப்படி உண்டாகிறது? கதை எழுதுகிறவன் தினமும் முட்டிக்கொள்கிற கேள்வி இது. 1922-ல் வந்த 'தி வேஸ்ட் லேண்ட்' கவிதையில், ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாத குரல்களாக அது உயிர் பெறுகிறது. அக் கவிதையின் குறிப்பு ஒன்றில் பிராட்லியின் வாசகத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறார். உபநிஷத்தின் இடியும் சாந்தி மந்திரமும் அந்தக் கவிதையில்தான் வருகின்றன.

பிராட்லிதான் எலியட்டைக் கவியாக்கினார் என்று சில விமரிசகர்கள் சாதிப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 'ப்ரூப்ராக்' 1911-லேயே எழுதியாகிவிட்டது. எலியட் பிராட்லியை ஊன்றிப் படித்தது அதற்குப் பிறகு. தனக்குள் அடைபட்ட மனிதன் முதலிலேயே கவிஞருக்குத் தெரிந்தவன். தத்துவம் கொடுத்தது வேறு, வசனம். தம்முடைய உரைநடை பிராட்லியைப் பார்த்து உருவானது என்று எலியட்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு தலைமுறையின் இலக்கிய ரசனையை மாற்றிய விமரிசனக் கட்டுரைகள் எல்லாம் அந்த வசனத்தில் எழுதியவைதாம். ஒரு வருஷச் சம்பளத்துக்கு இது போதாதா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த பிராட்லியும் மெர்ட்டன் கல்லூரியிலேயேதான் இருந்தார். 1870-ல் அவருக்குக் கிடைத்த பெலோஷிப்பில் பாடம் சொல்லும் வேலை கிடையாது. கல்யாணம் செய்துகொண்டால் மட்டும் போய்விடும். அவர் செய்துகொள்ளவில்லை, 1924-ல் சாகும்வரை ஐம்பத்துநாலு வருஷம் அங்கேயே இருந்தார். அவரைப் படிக்கக் கடல் தாண்டி வந்த பையன் அதே கல்லூரியில் ஒரு வருஷம் இருந்தும், இருவரும் சந்திக்கவில்லை. வெளியே வராத மனிதர் அவர்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம். நம் ஊருக்குச் சொல்லுங்கள்" என்றார் நண்பர்.

நம் ஊருக்கும் இருக்கிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்துக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. கையில் காசில்லை, உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புஸ்தகங்களை இனாமாகக் கொடுத்தார், அதனால்தான். ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக உட்காரும் வரையில் அந்தப் பழைய புஸ்தகங்கள் அவரைக் கொண்டுபோய்விட்டன. தத்துவத்துக்குள் இப்படித் தற்செயலாக ஒருவர் நுழையலாம் என்றால், இன்னொருவர் தற்செயலாக வெளியேறக்கூடாதா? கொடுக்கிறவர்கள் வாசலில் நின்று இரண்டையும் தடுக்க முடியுமா, என்ன?

நண்பர் பதில் சொல்லவில்லை. "பையன் வருகைப் பதிவெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது" என்று மட்டும் முணுமுணுத்தார். போகும்போது எலியட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனார். பத்திரிகையை மறந்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கதையை மறுபடி படித்துப் பார்த்தேன். முடிவில் ஒரு பாராவை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பையனுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கிறேன். கமிட்டி வருகிற பன்னிரண்டாம் தேதி கூடுகிறது.