யோசேப்பின் அங்கியும் உழவரின் நிலமும்

விவிலியக் கதையை ரொக் இசையிற் பாடி நகைக்கலாமா என்று கேட்போர் உளர். எமக்கு அதில் ஆட்சேபமில்லை. பழங்கதைகள் பேழையிற் பூட்டிவைக்கும் பொருட்கள் அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் தன் குரலிற் பாடிப் பார்ப்பதற்கு உரியவை. நாம் கேட்பது வேறொன்று: சிரிப்பு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

அன்ட்றூ லொயிட் வெபர் இசையமைக்க, ரிம் றைஸ் பாடல்களை எழுதிய யோசேப்பு இசைநாடகம் 1968 மார்ச் 1ஆம் நாள் லண்டனிலே சிறுவர் பாடசாலையொன்றில் அரங்கேறியது. ஏறக்குறையக் கால்மணி நேரமே நிகழ்ந்த அச்சிறு படைப்பு, பின்னர் முழுநீள நாடகமாய் வளர்ந்து, 1982இல் பிறோட்வேயையும் எட்டியது.

அதன் நகைச்சுவையிற் கூர்மை இல்லாமலில்லை. பார்வோன் எல்விஸ் பிறெஸ்லியின் சாயலிலே பாடுகிறான். அரசனின் அரியணையும் நட்சத்திரப் பாடகனின் மேடையும் ஒன்றாகிவிடுகின்றன. போத்திபார் பிரமிடுகளிற் பங்கு வைத்துப் பொருள் குவித்த முதலாளியாக வருகிறான். தம்பியை விற்ற சகோதரர், தந்தையின் முன் அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் அழுது பாடுகின்றனர். அவர்களது போலிக் கண்ணீரை இசையே காட்டிக்கொடுக்கிறது.

ஆனால், தந்தையும் மகனும் மீண்டும் கூடுவதோடு நாடகம் முடிகிறது. மூலக்கதை அங்கு முடியவில்லை. செழிப்பான ஏழாண்டுகளில் விளைச்சலின் ஐந்திலொரு பங்கு அரச களஞ்சியங்களிற் சேர்க்கப்பட்டது. பஞ்சம் வந்ததும் அத்தானியம் விளைவித்தவர்க்கே விற்கப்பட்டது. பின் நடந்ததை ஆதியாகமத்தின் 47ஆம் அதிகாரம் ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. முதலில் மக்களின் பணம் தீர்கிறது. அடுத்து ஆடுமாடுகள் போகின்றன. இறுதியில் நிலத்தையும் தம்மையுமே பார்வோனுக்கு விற்று, விளைவதில் ஐந்திலொன்றை அவனுக்குக் கொடுக்கும் குடிகளாகின்றனர். குருமாரின் நிலம் மட்டும் தப்புகிறது. உயிர் பிழைத்ததற்காக மக்கள் நன்றியும் சொல்கின்றனர்! இவற்றையெல்லாம் நடத்துபவன் கனவுக்குப் பொருள் சொன்ன அதே யோசேப்பு. அடிமையாக விற்கப்பட்டவன் ஒரு நாட்டையே அடிமையாக வாங்குகிறான்.

இதனினும் கசப்பான நகைமுரண் வேறெங்குண்டு? அதனை நாடகம் தொடவேயில்லை. பஞ்சம், ஒரு தனிமனிதனின் கனவு பலிப்பதற்கான பின்திரையாக மட்டுமே தொங்குகிறது.

சிறுவர்க்கான விளையாட்டில் இவ்வளவு தேடலாமா எனச் சிலர் கேட்கலாம். பங்கு முதலாளியை எள்ளி நகையாடச் சிறுவர்க்கு இயலுமெனில், தானியக் கணக்கு மட்டும் அவர்க்கு எட்டாததாகுமா?

மாணவர் இந்நாடகத்தை மகிழ்ந்து பாடட்டும். பாடி முடித்தபின் விடுபட்ட அதிகாரத்தையும் ஆசிரியர்கள் அவர்களுடன் வாசிக்கட்டும். அங்கியின் நிறங்களை எண்ணத் தெரிந்த பிள்ளை, களஞ்சியத்துத் தானியம் யாருடையது என்றும் கேட்கப் பழகவேண்டும்.