செல்வி கேட்ட கேள்வி

எழுபதுகளில் சிலோன் மனோகர் பாடிய ‘சுராங்கனி’ தமிழ்நாட்டு மேடைகளில் எல்லாம் ஒலித்தது. அதில் சிங்களச் சொற்கள் இருப்பதை என் அம்மா தலைமுறை குறையாக நினைக்கவில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு அதே சொற்கள் உறுத்தத் தொடங்கின. 2009க்குப் பிறகு அந்த மொழியே குற்றவாளி ஆனது. அந்தக் கசப்பு பொய்யல்ல. ஆனால் அது எதை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது?

2014 ஜூனில் பிரசன்ன விதானகேயின் ‘ஒப நத்துவ ஒப எக்க’ படம் சென்னையில் மிரட்டல்களால் நிறுத்தப்பட்டது. இயக்குநர் சிங்களவர் என்பதே போதுமான காரணமாக இருந்தது. படமோ தஸ்தயேவ்ஸ்கி 1876இல் எழுதிய ஒரு கதையின் தழுவல். அக்கதையின் அடகுக்கடைக்காரன் ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி. துவந்த யுத்தத்தைத் தவிர்த்ததே அவனுடைய அவமானம். விதானகே அதை மாற்றுகிறார். இங்கே அடகுக்கடைக்காரன் முன்னாள் சிங்களச் சிப்பாய். அவன் மறைப்பது போரில் தன் பங்கை. மூலக்கதையில் கணவன் மட்டுமே பேசுகிறான். இங்கே அவன் மணந்த தமிழ்ப்பெண் செல்வி அவனை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறாள்.

படத்தோடு எனக்குப் பிணக்கு உண்டு. முடிவில் நாம் அவனுடைய துயரத்தோடுதான் விடப்படுகிறோம். ஆனால் இந்தப் பிணக்கைச் சொல்லவும் படத்தைப் பார்த்தாக வேண்டுமே! தமிழ்ப்பெண்களின் பேரால் எழுந்த கோபம், ஒரு தமிழ்ப்பெண் சிப்பாயை விசாரிக்கும் காட்சியைத்தான் தடுத்தது.

2020இல் முரளிதரன் வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகிய நாட்களில், அவருடைய சிறுவயது மகளுக்கு இணையத்தில் பாலியல் வன்முறை மிரட்டல் விடுக்கப்பட்டது. படையினரிடம் நாம் எதைக் குற்றம் என்றோமோ, அதே ஆயுதம்.

திருப்பூரில் என் முதுகலை மாணவிகளுக்கு விதானகேயின் படத்தைப் போட்டேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒருத்தி, “சிங்களப் படமுங்களா அம்மா? நாம பார்க்கலாமுங்களா?” என்று தயங்கினாள். முடிந்ததும் அவளே கேட்டாள்: “செல்வி கேட்ட மாதிரி அங்க கோர்ட்டுல யாராச்சும் கேட்டிருக்காங்களா அம்மா?”

கிருஷாந்தியைப் பற்றிச் சொன்னேன். 1996இல் பரீட்சை எழுதித் திரும்பிய யாழ்ப்பாண மாணவி. செம்மணிச் சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்டு, வன்புணர்ந்து கொல்லப்பட்டாள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. 1998இல் கொழும்பு நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவன் கொடுத்த வாக்குமூலத்தால்தான் செம்மணிப் புதைகுழிகள் பற்றி உலகம் அறிந்தது.

வகுப்பில் ஒருத்திக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. எந்தப் படத்தைப் பார்க்கக்கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.