நீலக் கேபிளின் நீண்ட ஆயுள்

எல்சிடி மானிட்டருக்கு விஜிஏ கேபிள் பொருத்தமான துணை அல்ல. ஆனாலும் பல அலுவலகங்களில் மேசைக்குப் பின்னால் அந்த நீல முனைதான் இன்றும் திருகி வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே டிஜிட்டல் துளை தூசி படிந்து கிடக்கும்.

1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏவைக் கொண்டுவந்தபோது மானிட்டர் என்றால் பிக்சர் டியூப்தான். கேபிளில் வரும் மின்னழுத்தம் ஏறினால் டியூபின் மின்கதிர் வலுப்படும், அந்த இடம் பளிச்சிடும். அந்தத் திரைக்கு அனலாக் அலையே இயல்பான உணவு. எல்சிடியில் ஒவ்வொரு பிக்சலும் தனக்கென நிலையான இடம் கொண்டது. அதற்கு வேண்டியது ஓர் எண். கணினிக்குள் இருப்பதும் எண்தான். நடுவில் விஜிஏ வந்தால், கிராஃபிக்ஸ் கார்டு எண்ணை மின்னழுத்தமாக்கி அனுப்புகிறது, மானிட்டர் அதை மறுபடி எண்ணாக்குகிறது.

வீண் வேலை என்பதோடு போனால் பரவாயில்லை. விஜிஏ கேபிளில் மூன்று நிறங்களுக்கான அலைகளும், வரியும் திரையும் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் இரண்டு துடிப்புகளும் போகின்றன. ஒரு பிக்சல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற தகவல் மட்டும் போவதில்லை. அதை மானிட்டரே ஊகித்துக்கொள்ள வேண்டும். 1920×1080 அளவில், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், ஒரு பிக்சலுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 6.7 நானோ நொடி. அளக்கும் கணம் சற்றே தள்ளிப்போனாலும் இரண்டு பிக்சல்களின் எல்லையில் விழுந்து இரண்டையும் குழப்பும். படம் பார்ப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்குத் தெரியும். சிறிய எழுத்தில் தமிழ் மெய்ப்புப் பார்ப்பவரைக் கேட்டால் போதும்: புள்ளி இருக்கிறதா, இல்லையா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதற்காக எல்லாப் பழியையும் கேபிள்மேல் போடுவதும் நியாயமல்ல. மங்கல் என்று புகார் சொல்பவர்களில் பலர் மானிட்டரின் இயல்பான பிக்சல் அளவைக் கணினியில் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். அல்லது, கருப்புப் பின்னணி விரிந்திருக்கும்போது, படத்தைத் தானே சரிசெய்துகொள்ளும்படி மானிட்டரைப் பணிக்கும் ஆட்டோ பட்டனை அழுத்தியிருப்பார்கள். படத்தின் ஓரம் எதுவென்று வெளிச்சத்தை வைத்துத்தான் மானிட்டர் கண்டுபிடிக்கிறது. திரை நிறைய வெள்ளைத் தாளும் எழுத்துமாக ஒரு கோப்பைத் திறந்துவைத்து அழுத்தினால், நல்ல கேபிளும் சுமாரான அளவுத் திரையும் உள்ள இடத்தில் வித்தியாசத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1280×1024 அளவுள்ள பழைய 17 அங்குல மானிட்டர்களில் நிலைமை இதுதான்.

டிஜிட்டல் பக்கமும் குறையற்றது அல்ல. 1999இல் வந்த டிவிஐ கணினிக்கென்றே பிறந்தது, திருகாணியும் உண்டு. அடுத்து வந்த எச்டிஎம்ஐ தொலைக்காட்சி வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டுப் பழக்கங்களையும் மேசைக்குக் கொண்டுவந்தது. சில கணினிகள் மானிட்டரை டிவி என்று நினைத்து, 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டிய நிற அளவை 16 முதல் 235 வரை சுருக்கி அனுப்பும், கருப்பு சாம்பலாகிவிடும். படத்தைச் சுற்றிக் கருப்பு விளிம்பு விழுவதும் உண்டு. ‘விஜிஏவே நன்றாக இருந்தது’ என்று சிலர் சொல்வது இதனால்தான். இரண்டும் டிரைவர் அமைப்பில் சரியாகக்கூடியவை. மற்றொரு குணம் அப்படிச் சரியாகாது: கேபிள் நீளும்போது விஜிஏ படிப்படியாக மங்கும், டிஜிட்டலோ கடைசி வரை தெளிவாக இருந்துவிட்டு ஒரேயடியாகப் புள்ளி தெறிக்கும் அல்லது அணைந்துபோகும். வகுப்பறை புரொஜெக்டர்களில் விஜிஏ இவ்வளவு காலம் நிலைத்ததற்கு இந்தச் சகிப்புத்தன்மையும் ஒரு காரணம்.

இன்டெலும் ஏஎம்டியும் 2010 டிசம்பரிலேயே விஜிஏவை 2015க்குள் கைவிடப்போவதாக அறிவித்தன. அதன் விளைவாக இன்று ஒரு விநோதம் நடக்கிறது. எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள புதிய கணினியைப் பழைய எல்சிடியோடு சேர்க்க, கடையில் ஒரு கன்வெர்ட்டர் தருகிறார்கள். எண் அந்தச் சிறு டப்பாவுக்குள் அலையாகி, மானிட்டருக்குள் மறுபடி எண்ணாகிறது. அந்த மானிட்டரில் டிவிஐ துளை இருந்தால் இதற்கு அவசியமே இல்லை. எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் எந்த மாற்றமும் செய்யாமல் எண்ணை எண்ணாகவே கொண்டுசேர்க்கும். ஒலிதான் வராது.

கணினி, மானிட்டர் இரண்டிலும் டிஜிட்டல் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டிஜிட்டல் துளைகளில் டிஸ்ப்ளே போர்ட் என்ற வகை இருந்தால் அதற்கே முதலிடம். தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த கேபிளுக்குக் காசு செலவழிக்காதீர்கள், மேசை தூரத்துக்குச் சாதாரணக் கேபிளே அதே படத்தைத் தரும். விஜிஏ துளை மட்டும் உள்ள மானிட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இந்த ஒரு காரணத்துக்காக அதைத் தூக்கி எறிய வேண்டாம்.